ஆயில் விளக்கு எரிந்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: எங்களுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐந்து மாதம் முன்பு கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றினோம். அதற்குப் பிறகு 7,000 கி.மீ. ஓட்டம். போன வாரம் திண்டுக்கல் தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஆக்டிங் டிரைவர் வண்டியை நிறுத்தாமல் அடுத்த பங்க் வரை ஓட்டிவிட்டார். அங்கே மெக்கானிக் பார்த்தபோது டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயிலே ஒட்டவில்லை. MAX வரை வர ஒன்றரை லிட்டர் பிடித்தது. ஒழுங்காக சர்வீஸ் விட்டும் இப்படியென்றால் யார் பொறுப்பு? இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: இந்த அளவு இன்ஜின்களில் மொத்த ஆயிலே 3 முதல் 3.6 லிட்டர்தான். ஒன்றரை லிட்டர் குறைந்திருக்கிறது என்றால் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் அடியோடு விழுந்த பிறகுதான் அது எரியும். அந்த நேரத்தில் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயில் போவதில்லை. ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். இதை வண்டியை ஓட்டும் ஒவ்வொருவரிடமும் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பொறுப்புக்கு வருவோம். 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. நடுவில் ஆயில் அளவைப் பார்ப்பது உரிமையாளர் வேலை என்று எல்லா கம்பெனிகளின் கையேட்டிலும் இருக்கிறது. ஆயில் குறைந்து இன்ஜின் கெட்டால் வாரன்டியும் பொதுவாகக் கைகொடுக்காது. அதற்காக சர்வீஸ் சென்டர் எப்போதும் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்கும் அடி போல்ட்) இறுக்காமல் விட்டது, பழைய வாஷரையே மறுபடி போட்டது, பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க அதன் மேல் புதிய பில்டரை முடுக்கியது, அளவு குறைவாக ஊற்றியது – இவை அவர்கள் தவறு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை முதல் சில நாட்களிலேயே தரையில் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். 7,000 கி.மீ. ஓடிய பிறகு அவர்கள் மேல் பழி நிற்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தை இப்போதே எடுங்கள். சர்வீஸ் பில்லில் எத்தனை லிட்டர், எந்த கிரேடு என்று பாருங்கள். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இன்ஜினைக் கழுவ விடுவதற்கு முன் வண்டியைத் தூக்கி பில்டர் அடி, டிரெயின் போல்ட், டேப்பட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றைப் படம் எடுங்கள். போல்ட், பில்டர் பக்கம் ஈரம் இருந்தால் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். டேப்பட் கவர் பேக்கிங்கிலோ சீலிலோ கசிவென்றால் அது வண்டியின் வயது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வெளியே ஒரு சொட்டும் இல்லையென்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல். ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். MAX-ல் நிறுத்தி 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். 100, 200 மில்லி இறங்கினால் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டருக்கு மேல் இறங்கினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

இனி அளவு பார்க்கும் முறை. மாதம் ஒருமுறையும், நெடுந்தூரம் கிளம்பும் முன்பும் போதும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வாசல் சரிவில் நிறுத்திப் பார்த்தால் பொய் சொல்லும். ஓடி வந்த வண்டியானால் அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், மேலே ஏறிய ஆயில் இறங்கட்டும். டிப் ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து (பனியன் வேஸ்ட் வேண்டாம், பஞ்சு ஒட்டும்), அடி வரை அழுத்திச் செருகி மறுபடி உருவுங்கள். முதல் முறை உருவியதில் தெரியும் அளவை நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கம் குறைவோ அதுதான் கணக்கு. MIN, MAX கோடுகளுக்கு நடுவில் பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். பாதிக்குக் கீழே இறங்கினால் கால் லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்து, தேவையானால் இன்னும் ஊற்றுங்கள்.

நிறைய இருந்தால் நல்லதுதானே என்று MAX-ஐத் தாண்டி ஊற்றுபவர்கள் உண்டு. கிராங்க் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை பம்ப் தள்ளினால் அழுத்தம் நிற்காது. பிராண்ட் மாறினால் பரவாயில்லை, கையேட்டில் உள்ள கிரேடு, உதாரணமாக 0W-20 என்றால் அதுவே இருக்கட்டும். கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அழுக்கை இழுப்பது ஆயிலின் வேலை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால்தான் கூலன்ட் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நகருக்குள்ளேயே ஓடும் வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்தமாகும்போது எரியாத டீசல் இன்ஜின் ஆயிலோடு கலந்து அளவு ஏறும். ஏறினாலும் ஆபத்துதான், நீர்த்துவிடும்.

சாவியை ‘ஆன்’ செய்ததும் சிவப்பு விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ‘ஆன்’ செய்யும்போதே எரியாவிட்டால் அந்த எச்சரிக்கையே உங்களிடம் இல்லை என்று அர்த்தம், சரிசெய்யுங்கள்.

உங்கள் வண்டிக்கு உடனே செய்ய வேண்டியது: ஊற்றிய கலவையோடு ஓட்டாமல் ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரைக் கையோடு வாங்கி, வெட்டி உள்தாளை விரித்து வெயிலில் பாருங்கள். பளபளவென்று உலோகத் துகள் மின்னினாலோ, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கேட்டாலோ பேரிங் அடிவாங்கியிருக்கிறது. பிரஷர் கேஜ் போட்டு, சூடான இன்ஜினில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். அது குறைவென்றால் சம்ப்பை (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) கழற்றி பேரிங் பார்க்கும் வரை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.