குதிகால் வலிக்கு இன்சோல்: முதலில் ஷூவுக்குள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

திருமங்கலத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “எனக்கு வயது 48. கப்பலூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். தினமும் ஒன்பது மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்கவும் நடக்கவும் வேண்டும். கறுப்புத் தோல் ஷூ கட்டாயம். நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி அடித்தது போல வலிக்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஜெல் இன்சோல் வாங்கிப் போட்டேன். முதல் நாள் மெத்தென்று இருந்தது. ஒரு வாரத்தில் ஷூ இறுகி, கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. அளவெடுத்துச் செய்யும் விலை கூடிய இன்சோல்தான் வாங்க வேண்டுமா? அதை எப்படிப் பொருத்துவது?”

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் அந்தப் பட்டை சுருங்கியிருக்கிறது; காலையில் உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும்போது, அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் சுரீரென்று இழுக்கிறது. நம் ஊரில் குதிகால் வாதம் என்று சொல்லப்படும் வலி பெரும்பாலும் இதுதான். உங்கள் விவரிப்பும் அதையே காட்டுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கி இந்த இழுவையைக் குறைப்பதும், குதிகாலில் மட்டும் விழும் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புவதும் இன்சோலின் வேலை. மெத்தென்று இருப்பது அதன் முதன்மையான வேலை அல்ல.

உங்களுக்கு நேர்ந்த தவறு பலருக்கும் நேர்வது. ஷூவுக்குள் ஏற்கெனவே இருந்த அட்டையை எடுக்காமல், அதன்மேலேயே புதிய ஜெல்லை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலுவலகத் தோல் ஷூக்களில் உள்ளிடம் மிகவும் குறைவு. தடித்த ஜெல் நுழைந்ததும் பாதம் மேலே எழும்புகிறது. விரல்கள் மேல்தோலில் இடிக்கின்றன. குதிகாலும் பின்பக்கப் பிடியைவிட்டு மேலேறிவிடுவதால், ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னோக்கிச் சரிந்து கட்டைவிரல் போய் முட்டுகிறது. நகம் கறுத்ததற்கு அந்த முட்டல்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே இன்சோலுக்கு முன்னால் ஷூவைப் பற்றி முடிவெடுங்கள். உள் அட்டையைக் கழற்ற முடிகிற ஷூவாகவும், கயிறு கட்டி இறுக்கம் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ளதாகவும், நீங்கள் நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் விடுவதாகவும் அது இருக்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், வேலை முடிந்த பின், வழக்கமாக அணியும் சாக்ஸோடு போய் வாங்குங்கள். நிறுவனம் கொடுத்த இரும்பு முனைப் பாதுகாப்பு ஷூவாக இருந்தால், பாதுகாப்பு அலுவலரைக் கேட்காமல் உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். பாதம் உயர உயர, விரலுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள இடைவெளி குறைந்துவிடும்.

பழைய உள் அட்டையை எடுத்துவிட்டீர்களானால் அதை உடனே எறிந்துவிடாதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குதிகால் இருந்த இடம் கறுத்துப் பள்ளமாகவும், கட்டைவிரலின் வேர் பதிந்த இடம் வழவழப்பாகவும், நடுவில் உட்பக்க ஓரம் ஏறக்குறைய புதிதாகவும் இருந்தால், வளைவுப் பகுதி தாங்கலின்றித் தொங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். உட்பக்க ஓரமும் நசுங்கியிருந்தால் பாதம் உள்நோக்கிச் சாய்கிறது. ஈரக் காலைத் தரையில் பதித்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள். அது பாதத்தின் வடிவத்தை மட்டுமே காட்டும், அந்தப் பாதம் நாள் முழுவதும் எப்படி நடந்தது என்பதைப் பழைய அட்டைதான் காட்டும். தட்டைப் பாதம் என்று தெரிந்தவுடன் பயப்படவும் வேண்டாம். வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு வளைவுத் தாங்கல் தேவையில்லை.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது இன்சோலின் குதிகால் பகுதியை மேசைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் எளிதாக இறங்கி அடியில் மேசையின் கடினம் தட்டுப்பட்டால், உங்கள் எடையின் கீழ் அது அப்பளமாகிவிடும். கடையில் மெத்தென்று தெரிபவற்றில் பல இந்த வகைதான். மேலே மெல்லிய மென்மையும், அடியில் உறுதியான இ.வி.ஏ. அல்லது பாலியூரித்தேன் நுரையும், குதிகாலைச் சுற்றிக் கிண்ணம் போன்ற குழிவும் உள்ளதை எடுங்கள். அதை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் ஒடிந்தாற்போல் மடங்கக் கூடாது. பிறகு அதைத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். அதன் நடுவே எழும்பியிருக்கும் மேடு உங்கள் பாத வளைவின் கீழ் அடங்கி உட்கார வேண்டும். குதிகாலின் முன்விளிம்பிலோ விரல் வேரின் கீழோ அது உறுத்தினால், ஷூ எண் பொருந்தினாலும் அந்த இன்சோல் உங்களுடையது அல்ல.

அளவெடுத்துச் செய்வது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் குதிகால் வலிக்கு, நன்றாகப் பொருந்தும் ஆயத்த இன்சோலே பெரும்பாலானோருக்குப் போதும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் வலி குறைவதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் சர்க்கரை பற்றிய ஒற்றை வரி இருக்கிறதே, அது இந்தப் பதிலை மாற்றக்கூடியது.

சர்க்கரை பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கக்கூடும், அப்படி மங்குவது உங்களுக்கே தெரியாது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை உருண்டது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். பாதத்தில் அதன் அச்சு சிவந்து பதிந்திருந்தது, அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம், வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று காட்டினார். இன்று நாம் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் செருப்புக்கும் அந்தப் பணிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உணர்ச்சி மங்கிய காலில் கடினமான வளைவு மேடு, நாள் முழுவதும் அந்தப் புளியங்கொட்டை செய்த வேலையைச் செய்யும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடமோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவிலோ பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் 10 கிராம் அழுத்தம் கொடுத்து உணர்கிறீர்களா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்கள்தான் ஆகும், வலிக்காது. உணர்ச்சி சரியாக இருந்தால் ஆயத்த இன்சோலுக்கு முயலலாம். மங்கியிருந்தாலோ, விரல்கள் வளைந்திருந்தாலோ, முன்பு புண் வந்திருந்தாலோ, அளவெடுத்துச் செய்வதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம். எருக்க இலையை வைத்துச் சூடான செங்கல்லை மிதிக்கும் வைத்தியத்தை யாரேனும் சொன்னால், தயவுசெய்து செய்யாதீர்கள். சூடு தெரியாத காலில் தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பொருத்தும் முறை எளிது, அவசரம் மட்டும் கூடாது. பழைய அட்டையைப் புதிய இன்சோலின்மேல் குதிகாலோடு குதிகால் சேர்த்து வைத்து, விரல் பக்கத்தைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வெட்டி, ஷூவுக்குள் வைத்துப் பார்த்து, ஓரம் சுருண்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். குதிகால் பக்கத்தையும் வளைவுப் பக்கத்தையும் ஒருபோதும் வெட்டாதீர்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே இருந்தால் பெரியதை வாங்கிக் குறைக்கலாம். வலி வலது காலில் மட்டும் இருந்தாலும் இரு ஷூக்களிலும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கால் உயர்ந்து இடுப்பும் முழங்காலும் பேசத் தொடங்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாள்தோறும் சிறிது கூட்டி, இரண்டு வாரங்களில் முழு வேலை நேரத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாத சிவப்பு தெரிந்தால் அந்த இன்சோலை அணியாதீர்கள். ஷூவைப் போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதையும் பழக்கமாக்குங்கள்.

மதுரை வெயிலில் வியர்வை பெரிய பிரச்சினை. ஜெல் அதை உறிஞ்சாது. இரவில் இன்சோலை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் நுரை சுருங்கி வடிவம் மாறிவிடும். தினமும் அணிந்தால் ஆறு மாதத்துக்கொரு முறை அதே கட்டைவிரல் சோதனையைச் செய்து, நசுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

ஷூவில் இவ்வளவு கவனம் செலுத்திவிட்டு, வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடந்தால் பாதி பயன் போய்விடும். வீட்டுக்குள் அணிய ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன், வலது காலை இடது தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து வினாடி வைத்திருங்கள். இப்படிப் பத்து முறை. கடிதத்தில் நான்கு மாத வலி என்கிறீர்கள், எனவே குறைவதற்கும் சில வாரங்கள் ஆகும். ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ, குதிகால் வீங்கிச் சிவந்தாலோ இது வேறு ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கறுத்த நகத்தை நீங்களே வெட்டவோ கிள்ளவோ வேண்டாம். பாதப் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் காட்டுங்கள். அதுவரை அந்த ஜெல்லை எடுத்துவிட்டு, பழைய அட்டையோடே வேலைக்குப் போங்கள்.