இரவில் மகளுக்கு வலி: மார்ஃபின் வேளை தவறுகிறதா?

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் (கடுமையான வலியைக் குறைக்கும் மருந்து) எடுக்கும் மகள் இரவு 3 மணிக்கு அழுகிறாள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நள்ளிரவு வேளையை விடாதீர்கள், தங்கச்சி. மருத்துவர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், தூங்கும் பிள்ளையை மெல்ல எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

இரவு 10 மணிக்குக் கொடுத்த பிறகு, விடியற்காலை 5 மணிக்குத் தோட்டத்தில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போதுதான் அடுத்த வேளை என்கிறீர்கள். மார்ஃபின் சிரப்பின் வேகம் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் தணிந்துவிடும். 3 மணிக்கு அவள் அழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரவுக்கு வேறு ஏற்பாடு உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையும் இருக்கிறது.

இரண்டு நாள் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: மருந்து கொடுத்த நேரம், அழுத நேரம், மலம் கழித்த நேரம். கடைசியை மறக்காதீர்கள். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அது தானாகச் சரியாகாது. வயிறு இறுகி வரும் வலியைப் புற்றுநோய் வலி என்று நினைத்துவிடுவோம். மலமிளக்கி தந்திருக்கிறார்களா என்று தாதியிடம் கேளுங்கள்.

"மார்ஃபின் போதையாகப் பழகிவிடும்" என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சொல்பவர்களுக்காக அவள் வலி தாங்க வேண்டியதில்லை. வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பது போதைப் பழக்கம் ஆகாது.

ஆனால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென நிறுத்தவும் வேண்டாம். எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள்.