நெஞ்செரிச்சல்: பால் முதல் தலையணை வரை

இரவில் நெஞ்சு எரிந்தால் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பேன். உடனே அடங்கும், ஒரு மணி நேரத்தில் திரும்பவும் வந்துவிடும். ஏன்?

பால் இறங்கும்போது எரிகிற இடத்தைக் கழுவிக்கொண்டு போகிறது, அதனால்தான் அந்தச் சுகம். ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்க வைக்கும். போதாததற்கு, குடித்த கையோடு படுத்தும்விடுகிறீர்கள்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும் கதவு அது. பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் கதவு திறந்துகொண்டு அமிலம் மேலேறிவிடுகிறது, அவ்வளவுதான். இதுதான் எதுக்களிப்பு. வயிறு முட்டச் சாப்பிட்டாலும், தொப்பை இருந்தாலும், பெல்ட்டை இறுக்கிக் கட்டினாலும் கீழிருந்து அழுத்தம் ஏறும். ஆகவே பாலை விட, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது பலன் தரும்.

இரண்டு தலையணை வைத்துப் படுத்தும் பயனில்லையே?

இருக்காது. தலையும் கழுத்தும் மட்டும் தூக்கிக்கொள்ள, உடம்பு இடுப்புக்கு மேலே மடங்கி வயிறு இன்னும் நசுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆடாத மரக்கட்டையை வையுங்கள். உடம்பு மொத்தமும் ஒரே சரிவில் கிடக்க வேண்டும். கட்டிலை அசைக்க முடியாதென்றால், தோளிலிருந்து சரியும் ஆப்பு வடிவத் தலையணை போதும். இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தால் இன்னும் நல்லது. அப்போது இரைப்பை அந்தக் கதவுக்குக் கீழே தொங்குவதுபோல் அமைந்துவிடும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை தலைகீழ்.

புதினா டீ வயிற்றுக்கு நல்லது என்கிறார்களே?

வயிறு உப்புசத்துக்குச் சிலருக்குக் கேட்கும். எதுக்களிப்புக்கு வேண்டாம். புதினா தசையைத் தளர்த்தும், நமக்கோ கதவு இறுக வேண்டும்.

இஞ்சி, அதிமதுரம், ஆப்பிள் சைடர் வினிகர், சமையல் சோடா: இவற்றில் எது பாதுகாப்பு?

இஞ்சி கொஞ்சமாக என்றால் சரி. அளவு கூடினால் அதுவே எரிக்கும். அதிமதுரத்தைத் தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். புண்ணான உணவுக்குழாயில் வினிகரை ஊற்றுவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சமையல் சோடா அமிலத்தை அடக்கும், உண்மைதான். ஆனால் அரை டீஸ்பூனிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது குடித்தால் வாயு பொங்கி ஆபத்தில்கூட முடியலாம்.

இந்த வரிசையில் யாரும் கேட்காத ஒன்று சூயிங்கம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சர்க்கரை இல்லாத கம் மென்றால் எச்சில் நிறைய ஊறும். எச்சில் காரத்தன்மை கொண்டது, அமிலத்தைக் கழுவி இறக்கிவிடும். புதினா வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

காபியை விட்டே தீர வேண்டுமா?

தேவையில்லை. எனக்குக் காபி ஒன்றும் செய்யாது, தக்காளி சாஸ் என்றால் அன்றிரவு சிவராத்திரிதான். ஆளுக்கு ஆள் மாறும். 2 வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது என்று எழுதி வாருங்கள். சாக்லேட், எண்ணெயில் பொரித்தவை, மது, காரம், புளிப்புப் பழங்கள் ஆகியவற்றில் உங்கள் எதிரி எது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் நிறுத்தினால் போதும்.

எப்போது டாக்டரிடம் போவது?

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். வாரத்தில் 2 நாளுக்கு மேல் எரிச்சல் இருந்தாலும் போய்க் காட்டுங்கள். நெஞ்சை அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை அசிடிட்டி என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.