பழசு எடுக்க வண்டி வாங்கறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல நானும் வீட்டுக்காரரும் 2009ல இருந்து சென்னை புறநகர்ல காயலாங்கடை வச்சு, அப்படியே வீடு காலி பண்ணித் தர்ற வேலையும் பாக்கறோம்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. பெயர் போட வேணாம்னு பாதிப் பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. லோன்ல ஒரு குட்டி யானை எடுத்து, வீட்டுல இருக்கற பழைய சாமானெல்லாம் எடுத்துக்கறோம்னு விளம்பரம் போடலாம்னு இருக்கேன். முன்பணம் ரெடி. ஆரம்பிச்சிரலாமா?
– வாசகர், பல்லாவரம்

தம்பி, அந்த முன்பணத்த இன்னும் ஒரு மாசம் தொடாம வை. ஒரு நோட்டு வாங்கிக்கோ, உன் வீட்டுல இருந்து பத்து கிலோமீட்டர் சுத்தளவுல எந்த சாமான யார் எடுப்பாங்கன்னு போய் விசாரிச்சு எழுது. இரும்புக்கு யாரு, பேப்பருக்கு யாரு, பழைய கதவு ஜன்னலுக்கு எந்த மரக்கடை, இலவம்பஞ்சு மெத்தைய பிரிச்சு அடிச்சு திரும்ப போடறவர் யாரு, ஓடாத வாஷிங் மெஷின ரிப்பேருக்கு வாங்கறவர் யாரு, வண்டி பார்ட்ஸ்னா புதுப்பேட்டைல எந்தக் கடை, எல்லாம். நோட்டுல முப்பது பேர் சேர்ந்தப்புறம் வண்டி எடு. ஏன்னா வீட்டுல இருந்து தூக்கறது யாரு வேணா தூக்கிடலாம், தூக்கினத எங்க கொண்டு போய் சேர்க்கறதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இதுல சாப்பாடு இருக்கு.

இத நாங்க காசு குடுத்து கத்துக்கிட்டோம். ஆரம்பிச்ச வருஷமே நங்கநல்லூர்ல ஒரு வீடு, மொத்தமா எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, பாக்க பெரிய பெரிய அலமாரியா இருந்துச்சு, நாங்களும் சந்தோஷமா 4,000 ரூபா கையில குடுத்துட்டு மூணு ட்ரிப் அடிச்சு எடுத்துட்டு வந்தோம். வந்து பிரிச்சுப் பாத்தா அலமாரி அத்தனையும் மரத்தூள அமுக்கி மேல சன்மைக்கா ஒட்டினது, ஒரு மரக்கடைக்காரர் கூட தொடல. ஷெட்ல இடமில்லாம வெளிய போட்டோம், ஐப்பசி மழைல நாலே நாள்ல டீல ஊறின ரஸ்க் மாதிரி உப்பி உதிர்ந்து போச்சு, அத அள்ளிப் போட திரும்ப நாங்களே ஆள் வச்சோம். தேக்குக் கட்டில் ஒண்ணு மட்டும்தான் அந்த லோடுலயே காசாச்சு. இப்பல்லாம் அலமாரின்னா முதல்ல கதவத் திறந்து கீல் பக்கத்து ஓரத்ததான் பாப்பேன், அங்க மரத்தோட நரம்பு ஓடுதா தூளா இருக்கான்னு தெரிஞ்சிரும்.

வண்டி விஷயம் சுருக்கமா. மஞ்ச போர்டு, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்றிதழ்), இன்சூரன்ஸ் மூணும் சரியா இருக்கணும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்ல, குட்டி யானை அதுக்குள்ளதான் வரும். கார் ஓட்டற எல்எம்வி லைசென்ஸே போதும்னு, 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு, 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு சொல்லியாச்சு. ஆனா முதல் ஆறு மாசம் வாடகை வண்டில ஓட்டிப் பாரு, தவணை கழுத்த நெரிக்கும்போது வேண்டாத லோடெல்லாம் ஏத்தத் தோணும்.

கேள்வி: ரேட் எப்படி சொல்றதுன்னே தெரியல. சில பேர் நீங்கதான் எங்களுக்கு காசு தரணும்னு சொல்றாங்க, சில பேர் ஃப்ரீயா எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றாங்க, நாம காசு கேட்டா சண்டைக்கு வர்றாங்க.
– வாசகர், ஆவடி

சண்டைக்கு வர்றாங்கன்னு கோவப்படாதீங்க சார். ஈயம் பித்தளைக்கு பேரீச்சம்பழம்னு தெருவுல கூவிட்டு வந்த காலத்துல இருந்தே பழசக் குடுத்தா ஏதாவது வாங்கணும்னுதான் நம்ம சனங்களுக்குப் பழக்கம். அதனால கணக்க ரெண்டா பிரிச்சு பேப்பர்ல எழுதி அவங்க கையில குடுத்துருங்க. ஒண்ணு சாமான் விலை, இன்னொண்ணு ஏத்துக்கூலி.

போன மாசம் நான் போட்ட ஒரு கணக்கே சொல்றேன். ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, ஒரு லோடு. ரெண்டு ஆளு, ஆளுக்கு 1,000. வண்டி டீசலோட 800. விலை போகாதத கொண்டு போய் சேர்க்கற செலவு 500. என் நாளுக்கு 1,000. ஆக 4,300. இந்தப் பக்கம் இரும்புக் கட்டில் 40 கிலோ, கிலோ 25ன்னு 1,000. பேப்பர், புக்கு 60 கிலோ, 12ன்னு 720. ஓடாத வாஷிங் மெஷின் 700. ஆக 2,420. கழிச்சா 1,880, நான் 1,900 கேட்டேன். அந்தம்மா பேப்பர ரெண்டு தடவை பாத்துட்டு சரின்னு குடுத்துட்டாங்க. 1,900ன்னு மட்டும் வாய்ல சொல்லியிருந்தா கண்டிப்பா என் கட்டிலையும் குடுத்து காசும் குடுக்கணுமான்னு கேட்டிருப்பாங்க. விலை வாரா வாரம் மாறும், அதனால என் ரேட்ட அப்படியே எடுத்துக்காதீங்க.

போட்டோ பாத்து ரேட் சொல்லாதீங்க, நேர்ல போங்க. போட்டோல மாடிப்படி திருப்பம் தெரியாது. அப்பார்ட்மெண்டுன்னா எத்தன மணிக்கு லிஃப்ட்ல சாமான் ஏத்த விடுவாங்க, வண்டி எங்க நிக்கும்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு வந்துருங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை வருஷா வருஷம் போடணும், அவங்க கண்ணு முன்னாடிதான் எடை போடணும். எடைல ஏமாத்தி சம்பாதிக்கலாம்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தா அவங்க பக்கம் போகவே போகாதீங்க, இந்தத் தொழிலுக்கே கெட்ட பேர் வந்தது அதனாலதான்.

லாபம் கூடணும்னா பிரிக்கறதுல உக்காருங்க. பழைய பித்தளைக் குழாய்ல ஒரு இரும்பு ஸ்க்ரூ இருந்தா கூட மொத்த வியாபாரி கழிவு போட்டுருவார், அஞ்சு நிமிஷம் உக்காந்து அதக் கழட்டினா முழு விலை. சட்டப்பையில ஒரு காந்தம் வச்சுக்கோங்க. ஒட்டாத எவர்சில்வருக்கு ஒரு விலை, ஒட்டறதுக்கு வேற விலை, பித்தளைன்னு நினைச்சது முலாம் போட்ட இரும்பான்னு அதுவே சொல்லிரும்.

கேள்வி: ஃபிரிட்ஜ், டிவி, கம்ப்யூட்டர் நிறைய வருது. பிரிச்சா செம்பு கிடைக்கும்னு சொல்றாங்க, நானே பிரிக்கலாமா?
– வாசகர், ஓசூர்

வேணாம்பா. உன்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன், வேணாம்.

ஃபிரிட்ஜ்ல கம்ப்ரஸருக்குள்ள செம்பு இருக்கு, நிஜம்தான். ஆனா கேஸ் லைன வெட்டினா பழைய ஃபிரிட்ஜ்ல இருக்கற ஆர்-12ங்கற கேஸ் ஓசோன் படலத்த அழிக்கறது, இப்ப வர்ற ஃபிரிட்ஜ் நிறையதுல இருக்கற ஆர்-600ஏங்கற கேஸ் சமையல் சிலிண்டர் கேஸ் மாதிரி பத்திக்கறது. பழைய டப்பா டிவி பிக்சர் டியூப் கண்ணாடில ஈயம் இருக்கு, உள்ள காத்தே இல்லாததால தட்டினா உள்வாங்கி வெடிச்சு தெறிக்கும். மைக்ரோவேவ்ல ஒரு கெபாசிட்டர் இருக்கும், பிளக்க புடுங்கினப்புறமும் ஷாக் அடிக்கும். வயர கொளுத்தி செம்பு எடுக்கற பசங்கள பாத்திருப்ப, அந்த பிளாஸ்டிக் புகைல டையாக்ஸின் வருது, அது அந்தப் பசங்க நுரையீரலுக்குத்தான் முதல்ல போகுது. எங்க கடைல ரெண்டு பேர் கத்தி வச்சு வயர உரிக்கறாங்க, மெதுவாத்தான் நடக்கும், ஆனா உரிச்ச செம்புக்கு கொளுத்தின செம்ப விட விலையும் கூட.

சட்டமும் தெளிவா இருக்கு. 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, பிரிச்சு மறுசுழற்சி பண்ண பதிவு பண்ணின ஆளுங்களுக்குத்தான் உரிமை. அவங்க பேர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கிடைக்கும். நீ முழுசா சேர்த்து வச்சு லோடா அவங்ககிட்ட குடு. லாபம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். பேட்டரிக்கும் 2022லயே தனி விதி வந்துருச்சு, ஆசிட்ட கீழ கொட்டிட்டு ஈயத்த மட்டும் விக்கற வேலையும் கூடாது.

கேஸ் சிலிண்டர் வந்தா காலியா இருந்தாலும் எடுக்காத, அது எண்ணெய் கம்பெனி சொத்து. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட உடைக்காம முழுசா இறக்கு. எல்லாருக்கும் ஷூ, தடி கிளவுஸ், டெட்டனஸ் ஊசி. இந்தச் செலவுல கை வைக்காத.

கேள்வி: திருட்டு சாமான் வந்துட்டா? பக்கத்துக் கடைக்காரர போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அதுல இருந்து பயமா இருக்கு.
– வாசகர், திருச்சி

பயம் நல்லதுதான் சார். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, சந்தேகப்பட காரணம் இருந்தோ வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதாங்கற புது குற்றச் சட்டத்தோட 317ஆம் பிரிவுல கேஸ் வரும், முன்னாடி ஐபிசி 411ன்னு சொல்லுவாங்களே அதுதான். சாக்கடை மூடி, கோயில் மணி, ரயில்வே இரும்பு, தெருவிளக்கு கேபிள், எரிஞ்ச செம்பு, இதெல்லாம் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேணாம். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆதார் போட்டோ, போன் நம்பர், வண்டி நம்பர், எடை, தேதி எழுதி கையெழுத்து வாங்கிடறேன். சின்னப் பசங்ககிட்ட வாங்கறதே இல்ல. வீடு காலி பண்ணும்போது சாமான் அவங்களோடதுதான்னு ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க, வாடகைக்கு இருந்தவர் ஓனர் கட்டில வித்துட்டுப் போன கதையும் எங்களுக்கு நடந்திருக்கு.

அதே மாதிரி பழைய சிலை, ஓலைச்சுவடி வந்தா வாங்கிடாதீங்க. 100 வருஷம் தாண்டின சிலை, 75 வருஷம் தாண்டின முக்கியமான சுவடி எல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், அத வியாபாரம் பண்ண தனி லைசென்ஸ் வேணும்.

கேள்வி: போன வாரம் ஒரு பீரோ வாங்கினேன், லாக்கர்ல பழைய பத்திரமும் ஒரு ஜோடி கம்மலும் இருந்துச்சு. குடுத்தவங்க வெளியூர் போயிட்டாங்க. கூட இருக்கறவங்க காசு குடுத்து வாங்கினது நம்மளதுதான்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?
– வாசகி, சேலம்

இந்த பதில படிச்சு முடிச்ச உடனே போன் பண்ணும்மா. நீ விலை பேசினது தகரத்துக்கு, கம்மலுக்கு இல்ல. பத்திரம் உன்கிட்ட வெறும் காகிதம், அங்க அது ஒரு வீடு.

எங்களுக்கு நடந்ததச் சொல்றேன். குரோம்பேட்டைல ஒரு பாட்டி தவறிட்டாங்க, பொண்ணு பதினாறாம் நாள் காரியம் முடிச்ச கையோட வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க. அதுல கால்ல மிதிக்கற தையல் மெஷின் ஒண்ணு. அதோட டிராயர அப்படியே ஒரு டப்பால கவுத்து வச்சிருந்தேன், ராத்திரி உக்காந்து பாத்தா பாபின், விதவிதமா பட்டன், பாதி தேஞ்ச சாக்குக்கட்டி, அடில மஞ்சத் துணில சுத்தி நூலால கட்டின ஒரு சின்ன பொட்டலம். பிரிச்சா ஒத்தக்கல் மூக்குத்தி. திருகாணி தனியா ஒரு பேப்பர்ல மடிச்சிருந்தது.

மறுநாள் காலைல கொண்டு போய் குடுத்தேன். அந்தப் பொண்ணு மூக்குத்திய உள்ளங்கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அக்கா அந்த மெஷின நான் திரும்ப வாங்கிக்கலாமான்னு கேட்டாங்க. அத நான் முந்தின நாள் சாயங்காலமே ஒரு டெய்லருக்கு குடுத்துட்டேன், அவர் ஊருக்கு அனுப்பிட்டார், எவ்வளவோ அலைஞ்சும் திரும்ப வரல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது ஆறல.

அதுல இருந்து இறந்தவங்க வீட்டு சாமான்னா பத்து நாள் தனியா வச்சிருப்போம், பிரிக்க மாட்டோம், விக்க மாட்டோம். வாங்கும்போதே அத சொல்லிடுவேன். நாலஞ்சு வீட்டுக்கு ஒருத்தராவது ஒரு கல்சட்டிக்கோ, நாற்காலிக்கோ திரும்ப வர்றாங்க. மெத்தைத் தையல், அரிசி டின் அடி, சாமி படத்துக்குப் பின்பக்கம், புக்குக்கு நடுவுல, இதெல்லாம் அவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டே தடவிப் பாருங்க.

கேள்வி: எங்க குழுவுல அஞ்சு பெண்கள் சேர்ந்து செய்யலாம்னு இருக்கோம். கடன், பதிவு எல்லாம் எப்படி?
– வாசகி, திருநின்றவூர்

தாராளமா செய்ங்கம்மா. தூக்கறதுக்கு ரெண்டு ஆள வச்சுக்கலாம், பிரிக்கறதும் கணக்கும் நம்ம கை. உத்யம்னு சிறு தொழில்களுக்கான மத்திய அரசு பதிவ ஆதார், பான் வச்சு இலவசமா பண்ணிக்கலாம், அதுக்கு காசு கேக்கறவங்கள நம்பாதீங்க. கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் போங்க. 2024 அக்டோபர் 10ல இருந்து உலோகக் கழிவுக்கு ஜிஎஸ்டி முறை மாறியிருக்கு, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவங்க விக்கும்போது, சரக்க வாங்கற பதிவு உள்ள வியாபாரிதான் வரி கட்டணும்னு, அதனால முதல் லோடு விக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர பாத்துருங்க.

கேள்வி: எவனும் வாங்காத சாமான என்ன பண்றது? நிறைய பேர் ராத்திரியில ஏரி ஓரம் கொட்டிட்டு வந்துடறாங்க.
– வாசகர், மேடவாக்கம்

உங்க ஊர் பக்கத்துல இருக்கற பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது, அதோட ஓரத்துல உடைஞ்ச சிங்க், டைல்ஸ், சோபா கிடக்கறத பாத்தா எனக்கு வயிறு எரியுது, ஏன்னா அதுல பாதி நம்ம தொழில் பாக்கறவங்க கொட்டினது. கட்டட இடிபாட்டுக்கு பெருங்குடிலயும் கொடுங்கையூர்லயும் மாநகராட்சி மறுசுழற்சி ஆலை இருக்கு. சோபா, மெத்தை, பழைய துணிய சனிக்கிழமைல வீட்டுக்கே வந்து எடுக்கற ஏற்பாட்ட சென்னை மாநகராட்சி 2025ல கொண்டு வந்துச்சு. நம்மால எடுக்க முடியாத சாமானுக்கு மாநகராட்சிக்கே சொல்லிடுங்கன்னு கஸ்டமர்கிட்ட நேரா சொல்லிருங்க, காசு போனாலும் பரவால்ல.

மார்கழி கடைசில போகிக்கு நாலு நாள் முன்னாடி இருந்து போன் ஓயாது, டயர், பாய், தலகாணி எல்லாத்தையும் எரிச்சிடறதுக்கு முன்னாடி எடுத்துருங்கன்னு. அந்த வாரத்துக்கு ஷெட்ட காலியா வச்சுக்கோங்க, ஆள முன்னாடியே சொல்லி வச்சுருங்க. ஆடி மாசம் யாரும் வீடு மாத்த மாட்டாங்க, வேலை படுத்துரும், வண்டிய எஃப்சிக்கு அப்ப விட்டுக்கலாம்.