காது மடலின் மேற்புறத்தில் குத்திக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. காது மடலின் மேற்பகுதியில் குத்திக்கொள்ள ஆசை. சென்ற ஆண்டு என் தோழி அதே இடத்தில் துப்பாக்கி போன்ற ‘கன்’ கருவியால் குத்திக்கொண்டு, காது சிவந்து வீங்கி, இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட நேர்ந்தது. குத்தும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் உள்ள தங்க வளையத்தையே போட்டுக்கொள்ளலாமா? புண் ஆற என்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாகக் குத்திக்கொள்ளலாம், ஆனால் ‘கன்’ வேண்டாம். அந்தக் கருவி சதையில் துளை போடுவதில்லை, மழுங்கிய முனையுள்ள கம்மலையே ஸ்பிரிங் விசையால் உள்ளே அடித்து இறக்குகிறது. காதின் மேற்பகுதியில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கெனத் தனி ரத்தக் குழாய் இல்லாததால், மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது. அந்த இடம் நசுங்கிக் கிருமியும் புகுந்துவிட்டால், மருந்து போய்ச் சேருவதே கடினமாகி, சில சமயம் காதின் வடிவமே சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, பெரும்பாலான ‘கன்’களின் பிளாஸ்டிக் உடல், கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியைத் தாங்காது என்பதால், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துகிறார்கள். ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

ஆகவே, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் உள்துளை ஊசியால் குத்துபவரிடம் செல்லுங்கள். ஊசியின் உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கையுறையையும் கவனியுங்கள்: மாட்டிய கையுறையோடு கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் ஊசியைத் தொடுகிறார் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

தங்க வளையத்தை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். வளையம் அசைந்துகொண்டே இருப்பதால் புதுப்புண் ஆறாது. தங்கத்தோடு நிக்கல் கலந்திருந்தால் ஒவ்வாமையும் வரலாம். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியக் கம்மலே முதல் தேர்வு. வீக்கத்துக்கு இடம்விட அதன் தண்டு சற்று நீளமாக இருக்க வேண்டும். வீக்கம் வடிந்த சில வாரங்களில் குட்டையான தண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, பலரும் கெடுத்துக்கொள்வது அதிகமாகச் செய்துதான். 0.9 சதவீத சலைன் (உப்பு) நீரால் நாளுக்கு இரண்டு முறை நனைத்து, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள், போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் தோலையே அரித்துவிடும். கம்மலைத் திருகிப் பார்க்கும் பழக்கமும் கூடாது. காலையில் கம்மலைச் சுற்றிக் காய்ந்திருக்கும் வெளிர்மஞ்சள் பொருக்கு சீழல்ல, புண் ஆறும்போது கசியும் நீர். நகத்தால் பெயர்க்காமல் சலைனில் ஊறவிட்டால் தானே வந்துவிடும். அந்தப் பக்கமாகப் படுக்காதீர்கள். வெளியே ஆறியதுபோல் தோன்றினாலும், குருத்தெலும்பில் போட்ட துளை முழுதாக ஆற 6 முதல் 12 மாதங்கள் வரை ஆகலாம்.

சர்க்கரை நோய், ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். குத்திய பிறகு சிவப்பு பரவினாலோ, காது கொதித்து வலித்தாலோ, பச்சை நிறச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போது கம்மலை நீங்களாகக் கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கொள்ளும்.