ஊரடங்கில் நன்றாகத் தூங்கியும் எடை ஏறியது ஏன்?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு 12 வயது. உயரம் 150 செ.மீ., எடை 62 கிலோ. கொரோனா ஊரடங்கில்தான் இப்படி ஏறியது. அப்போது நன்றாகத்தான் தூங்கினான். பள்ளி திறந்த பிறகும் இரவு பன்னிரண்டரை வரை விழித்திருக்கிறான். காலை ஆறரைக்கு எழுப்பிவிடுகிறோம். மாலை வீடு திரும்பியதும் 7 மணி வரை தூக்கம். விளையாடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தூக்கத்தைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குங்கள். கண் சொருகும் பையனை மைதானத்துக்கு விரட்டிப் பயனில்லை.

ஊரடங்கில் அவன் கூடுதலாகத் தூங்கியிருப்பான் என்பது உண்மைதான். 2020-ல் இத்தாலியின் வெரோனாவில், உடற்பருமன் உள்ள 41 பிள்ளைகளிடம் ஊரடங்கு தொடங்கி மூன்று வாரத்தில் விசாரித்தார்கள். தூக்கம் நாளுக்குச் சுமார் 40 நிமிடம் கூடியிருந்தது. கூடவே திரை நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கூடி, விளையாட்டு வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம் குறைந்திருந்தது. சிப்ஸும் குளிர்பானமும் அதிகம் உள்ளே போயின. பருமனான பிள்ளைக்குக் கிடைத்துவந்த உடலசைவில் பெரும்பகுதி பி.டி. பீரியடும் பள்ளி மாடிப்படியும்தான். தானாகத் தெருவில் இறங்கி ஆட, கேலிக்குப் பயந்து, பல பிள்ளைகள் தயங்குவார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் 2021 நவம்பர் 1 வரை மூடிக் கிடந்தன. அதற்குள் படுக்கும் நேரம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போய், அதுவே பழகிவிட்டது.

இந்த வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதற்காக இன்றே 9 மணிக்குப் படுக்க வைத்தால் மூன்றரை மணி நேரம் புரண்டுகொண்டிருப்பான். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் மட்டும் முன்னால் நகர்த்துங்கள். ஒன்பதரையை எட்ட ஐந்து வாரம் ஆகும். ஆறரைக்கு எழுவது ஞாயிற்றுக்கிழமையும் மாறக்கூடாது, மிஞ்சினால் ஏழரை. எழுந்ததும் 20 நிமிடம் மொட்டை மாடி வெளிச்சத்தில் இருக்கட்டும். மாலைத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், ஐந்து மணிக்குப் பிறகு கூடவே கூடாது. இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், அப்பாவின் போன் உட்பட.

இரண்டாவது வாரத்தில் உடற்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை முதல் நாளே எதிர்பார்க்காதீர்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை வேகநடை, வாரந்தோறும் வேளைக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் சரியான வேகம். சைக்கிளும் நீச்சலும் மூட்டுக்கு இதம். சிமென்ட் தரையில் ஸ்கிப்பிங் வேண்டாம். தொடை உரசிப் புண்ணாகித்தான் பலர் நடையை விடுகிறார்கள். முழங்கால் வரை இறுக்கமான ஷார்ட்ஸ் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

எடையைக் குறைக்கப் பட்டினி போடாதீர்கள். 62 கிலோவிலேயே நின்று உயரம் 6 செ.மீ. கூடினால், உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான அவனுடைய பி.எம்.ஐ. 27.6-லிருந்து 25.5-க்கு இறங்கும்.

இரண்டு அறிகுறிகளைத் தள்ளிப்போட முடியாது. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டையிலுள்ள டான்சில், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கி மூச்சை அடைத்தால், எத்தனை மணி நேரம் படுத்தாலும் பகலில் தூங்கி வழிவான். இன்னொன்று, தொடையோ முழங்காலோ வலித்து நொண்டுவது. பருமனான வளரிளம் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் வளரும் மேல்முனை நழுவினாலும் வலி முழங்காலில்தான் தெரியலாம். தைலம் தேய்க்காமல், காலை ஊன்ற விடாமல், அன்றைக்கே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்கள்.