கேளுங்கள், சொல்கிறேன்: ஓமத் தைலமும் வயிற்றுப் பூச்சியும்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற பார்மசி கல்லூரிப் பேராசிரியை, மதுரை

என் பேத்தி விலங்கியல் படிக்கிறாள். ஓமத் தைலம் ஒட்டுண்ணிகளைக் கொல்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்களாம். அப்படியானால் மூன்று வயதுப் பேரனுக்குப் பூச்சி மாத்திரை எதற்கு? இரண்டு சொட்டு தைலத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் ஆகாதா அம்மா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

கொடுத்துவிடாதீர்கள் அம்மா. காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்தப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் கொடுக்கிற ஓம வாட்டர் வேறு, தைலம் வேறு. தைலம் பல மடங்கு காரம். புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். கற்பூரத் தைலமும் யூகலிப்டஸ் தைலமும் கொஞ்சம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்துவிடுகிறது.

உங்கள் பேத்தி சொன்னது பொய்யில்லை. ஓமத் தைலத்தில் முக்கியமான சரக்கு தைமால். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு என்று கேட்டால் கண்ணாடிச் சில்லு போல எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909-ல் ராக்ஃபெல்லர் என்ற கோடீஸ்வரரின் பணத்தில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இந்தத் தைமாலைத்தான் கொடுத்தார்கள். கொடுக்கிற நாளில் எண்ணெய், கொழுப்பு, சாராயம் எதையும் தொடக்கூடாது. தொட்டால் குடலில் புழுவோடு நிற்க வேண்டிய மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். அப்புறம் பேதிக்குக் கொடுத்து மிச்சத்தை வெளியேற்றுவார்கள். பிறகு கீனோபோடியம் எண்ணெய் வந்தது. அதுவும் செடியை ஆவியில் வடித்தெடுத்த தைலம்தான். புழு செத்தது. அளவு சற்றுக் கூடியபோது நோயாளிகளும் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. பாதுகாப்பான மாத்திரைகள் வந்த பிறகு அதைக் கைவிட்டார்கள்.

வேப்பெண்ணெயும் வேண்டாம். அது வடித்த தைலமல்ல, பிழிந்த எண்ணெய்தான், ஆனால் கைக்குழந்தைகளுக்குச் சங்கில் ஊற்றி, மூளை பாதித்து, வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்ததை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

பேரனுக்கு அங்கன்வாடியில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இலவசம். இரண்டு வயது தாண்டியவர்களுக்கு 400 மில்லிகிராம், ஒரு மாத்திரை. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள்.

எலுமிச்சைப்புல் எண்ணெயை, மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் நோயின் கிருமி மீது சோதித்துப் பார்க்க ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும் மேடம்?
– எம்.எஸ்ஸி. மாணவர், திருமங்கலம்

நல்ல ஆசை, செய்யுங்கள் தம்பி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதக்கும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான், கிருமி வளர்க்கும் குழித் தட்டில் ஊற்றுவீர்கள். டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஊற்றிய குழிகளும் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எது கொன்றது என்று தெரியாது. அதைவிடத் தொல்லை ஆவி. 96 குழித் தட்டில் ஒரு குழியின் எண்ணெய் பக்கத்துக் குழிக்கும் பரவும். மருந்தே விடாத குழியிலும் கிருமி செத்துக் கிடக்கும். அதனால் ஒட்டுப் படலம் போட்டு மூடுங்கள், ஒப்பீட்டுக் குழிகளைத் தள்ளி வையுங்கள்.

வளர்ப்பு ஊடகத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நீந்துகிற உருவம், மணல் ஈயின் வயிற்றில் இருப்பது. நோயாளியின் உடம்பில் அது வெளியே வால் நீட்டாமல், உருண்டையாக, கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நீந்துவதை மட்டும் கொன்றுவிட்டு மருந்து கண்டுபிடித்தேன் என்று எழுதாதீர்கள். அந்த மேக்ரோஃபேஜையே எண்ணெய் எந்த அளவில் கொல்கிறது என்று அளந்து, அதை உள்ளிருக்கும் கிருமியைக் கொல்கிற அளவால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் பெரிதாக இருந்தால்தான் அடுத்து எலியில் சோதிப்பதில் அர்த்தம் உண்டு. இன்னொன்று, வாங்கின எண்ணெயை முதலில் சரக்குகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபியில் ஓட்டி, அதன் முக்கியச் சரக்கான சிட்ரால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணும் அறுத்த மாதமும் மாறினால் சரக்கும் மாறும்.

ஆட்டுக் குடற்புழுவுக்குக் கற்பூரவல்லித் தைலம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

இப்போதைக்கு வேண்டாம். தைலம் ஆட்டின் முதல் வயிற்றிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும், தீவனம் செரிக்காது. ஆட்டின் கீழ் இமையை விரித்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் அவசரமில்லை. வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழுவாக இருக்கலாம். கொஞ்சம் புழுக்கையை டப்பாவில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.